புதுப்பிப்பு: அண்ணனின் விபத்து வழக்கு

மினி லாரி மோதி அண்ணனின் வலது மணிக்கட்டு நொறுங்கியதையும், இன்சூரன்ஸ் தரப்பு சமாதானமாகப் போகலாம் என்று கூப்பிட்டதையும் முன்பு எழுதியிருந்தேன். கையெழுத்துப் போடவில்லை. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் மனு போட்டோம்.

மருத்துவ வாரியம் ஊனம் 30 சதவீதம் என்று சான்று தந்தது. ஆனால் அண்ணன் தச்சர். போன வாரம் சாட்சி சொல்லும்போது உளியைப் பிடித்துக் காட்டினார்; கட்டை விரல் மடங்கவே இல்லை. பார்க்க முடியவில்லை என்னால். உடலில் எத்தனை சதவீதம் என்பதோடு நிற்காமல், பிழைப்பில் எவ்வளவு போனது என்று பார்க்க வேண்டும் என 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல் எடுத்துவைத்தார். அண்ணனுக்கு வயது 38; இழப்பீடு கணக்கிட, அந்த வயதுக்கு உரிய எண்ணான 15ஆல் ஆண்டு வருமான இழப்பைப் பெருக்குவார்கள்.

அப்புறம், எதையெல்லாம் பத்திரமாக வைக்க வேண்டும், விபத்து நடந்து எவ்வளவு காலத்துக்குள் மனு போட வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: மருந்துக்கடை பில்லைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். மனுவுக்குச் சட்டத்தில் உள்ள கெடு 6 மாதம். தீர்ப்பு வந்ததும் எழுதுகிறேன்.