காசில் இருக்கும் குறிகள்: எரரா, டேமேஜா? (5 ரூபாய், 1 ரூபாய், 10 ரூபாய்)

உண்டியல்காசு:
வணக்கம் நண்பர்களே. நான்கு காசுகளில் எது காசு அடிக்கும் ஆலையான மிண்ட்டிலேயே நேர்ந்த தவறு (எரர்), எது வெளியே வந்தபின் பட்ட அடி (டேமேஜ்) என்று பிரிக்க உதவுங்கள். 10 மடங்கு லென்ஸும் 0.01 கிராம் காட்டும் தராசும் கையில் உண்டு.

அ) 5 ரூபாய், 9 கிராம் குப்ரோ நிக்கல் (செம்பு, நிக்கல் கலவை) வகை. தலைப் பக்கம் விளிம்பிலிருந்து சிங்கம் வரை நெளிந்து போகும் மெல்லிய கோடு.
ஆ) அதே வகை 5 ரூபாய். ஆண்டின் எண்கள் இரட்டையாகத் தெரிகின்றன.
இ) 1 ரூபாய் ஸ்டீல், 25 மி.மீ. பழைய வகை. ஓரத்தில் எலி கடித்தது போல் பிறை வடிவில் கொஞ்சம் இல்லை. எடை 4.71 கிராம்.
ஈ) 10 ரூபாய். நடுவட்டத்துச் சிங்கம் சாய்ந்து நிற்கிறது. வெளி வளையத்து எழுத்து நேராக இருக்கிறது.

பழங்காசு:
எந்தக் குறியைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: பிளாங்க் (உருவம் பதியாத வட்டத் தகடு) வெட்டி, ரிம் (மேடான ஓரம்) தூக்கி, இரண்டு டைக்கு (உருவம் செதுக்கிய அச்சு) நடுவே காலருக்குள் (சுற்றிப் பிடிக்கும் வளையம்) வைத்து அடிக்கும் வேலையில் எந்த இடத்தில் இது நடந்திருக்க முடியும்? எந்த இடத்திலும் முடியாது என்றால் அது டேமேஜ்.

முதலில் 'அ'. கோடு புடைத்திருக்கிறதா, பள்ளமா என்பதை வைத்தே பாதி முடிவு வந்துவிடும். கண் இதில் ஏமாறும். புடைப்பு பள்ளமாகவும் பள்ளம் புடைப்பாகவும் தோன்றும். அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வையுங்கள். கோட்டின் நிழல் விளக்குக்கு எதிர்ப்புறம் விழுந்தால் புடைப்பு. விளக்கு இருக்கும் பக்கமே நிழல் நின்றால் பள்ளம். டையில் விரிசல் விட்டால் அடிக்கும்போது உலோகம் அந்த விரிசலுக்குள் ஏறும். அதனால் டை கிராக் எப்போதும் புடைத்தே இருக்கும். அது எழுத்தை அறுக்காது, எழுத்தின் மேலேயே ஏறிப் போகும். கீறல் நேர்மாறானது. உள்ளே இறங்கியிருக்கும், ஒதுக்கப்பட்ட உலோகம் இரு கரையிலும் வரப்பு போல நிற்கும். மேட்டான எழுத்தில் பட்டு, பள்ளமான தரையைத் தொடாமல் தாண்டி, அடுத்த எழுத்தில் மறுபடி படும்.

'ஆ'வில் அவசரப்படாதீர்கள். இரட்டை எழுத்து என்று காட்டப்படும் காசுகளில் மிகப் பெரும்பாலானவை மெஷின் டபுளிங்தான். டை சற்றுத் தளர்ந்திருந்தால், அடித்து விலகும் நொடியில் அசைந்து, எழுத்தின் ஓரத்தைத் தேய்த்து இழுத்துவிடும். விளைவு, எண்ணின் பக்கத்தில் தட்டையாக, பளபளப்பாக ஒரு படிக்கட்டு. அந்தப் படி எண்ணின் உடம்பிலிருந்தே எடுக்கப்பட்டது, ஆகவே மேல் எண் ஒல்லியாகிவிடும். உண்மையான டபுள்டு டையில் இரண்டு உருவமும் உருண்டையாகப் புடைத்திருக்கும், எண் பருத்திருக்கும், முனைகளில் பிளவு தெரியும். அது டையிலேயே இருக்கும் குறை. அதே டையில் அடித்த எல்லாக் காசிலும் அச்சுப் பிசகாமல் வரும். ஒரே மாதிரி இன்னொரு காசு கிடைத்தால் அது பெரிய சாட்சி.

நிறைகோல்:
'இ'யைப் பற்றி. அந்தக் காசின் சரியான எடை 4.85 கிராம், உங்களுடையதில் 0.14 குறைகிறது. 2 மி.மீ. ஆழப் பிறை போனால் கணக்குப்படி ஏறத்தாழ 0.13 கிராம் குறைய வேண்டும். எடை பொருந்துகிறது. ஆனால் அரத்தால் ராவினாலும் எடை குறையும், அதனால் இது மட்டும் போதாது.

தகட்டில் பிளாங்க் வெட்டும்போது முன்பே வெட்டிய ஓட்டையின் மேல் பன்ச் (வெட்டும் கருவி) கொஞ்சம் விழுந்தால் இந்தப் பிறை வரும். அப்படியானால் பிறையின் வளைவும் காசின் வளைவும் ஏறக்குறைய ஒன்றே. அதே வகையில் நல்ல காசு ஒன்றை அந்தக் கடிக்குள் பொருத்திப் பாருங்கள், உட்கார வேண்டும். அடுத்து, பிறைக்கு நேர் எதிர்ப்புற ரிம்மைப் பாருங்கள். ரிம் தூக்கும் எந்திரத்தில் பிறை இருக்கும் பக்கம் அழுத்தம் கிடைக்காது. எதிர்ப்பக்கமும் சரியாக எழும்பாமல் மங்கிவிடும். கடி சிறியதாக இருந்தால் இது தெரியாமலும் போகலாம். கடைசியாக, பிறையை ஒட்டிய எழுத்து. பிளாங்க் வெட்டும்போதே குறைந்த இடம் என்றால் அடிக்கும்போது உலோகம் அந்த வெற்றிடத்தை நோக்கி நகரும். எழுத்து அந்தப் பக்கமாக மெல்ல நீண்டு மங்கும். பிறகு வெட்டியது என்றால் எழுத்து கத்தரித்தாற்போல் சட்டென்று நிற்கும், வெட்டு முகத்தில் இணையான அரக்கோடுகள் தெரியும்.

அச்சுக்கூடம்:
'ஈ' டேமேஜ். வளையத்தையும் நடுவட்டத்தையும் சேர்த்து வைத்து ஒரே அடியில்தான் இரண்டிலும் உருவம் பதிக்கிறார்கள். அதே அடியில்தான் இரண்டும் இறுகிப் பிணைகின்றன. ஆகவே நடுவட்டம் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தால்கூட, மேலே உள்ள உருவம் கோணாமல் இரண்டு உலோகத்தின் மீதும் தொடர்ச்சியாக ஓடும். சிங்கம் மட்டும் சாய்ந்து வளையம் நேராக இருக்க மிண்ட்டில் வழியே இல்லை. யாரோ தட்டிக் கழற்றித் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். இணைப்பில் இடுக்கும், சிங்கத்தின் மேட்டில் சப்பையான அடித்தடமும் இருக்கும், பாருங்கள்.

10 ரூபாய் பற்றிப் பேசும்போது ஒன்று: ₹ குறி இல்லாத, 15 கதிர்க் கோடுகள் உள்ள காசை எரர் என்றும் போலி என்றும் சொல்கிறார்கள். இரண்டும் இல்லை, அது முந்தைய வடிவமைப்பு. அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது.

உண்டியல்காசு:
பார்த்தாயிற்று. 'அ': நிழல் விளக்குக்கு எதிர்ப்புறம். 'ஆ': தட்டையான படி, நான்கு எண்ணிலும் ஒரே திசையில். 'இ': நல்ல காசு கச்சிதமாக உட்காருகிறது, எதிர் ரிம் மெலிந்திருக்கிறது, அரக்கோடு இல்லை. 'ஈ': இடுக்கு இருக்கிறது. 'அ'வின் மேல் பிசுக்கு இருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா?

பழங்காசு:
வேண்டவே வேண்டாம். புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் கூடாது. மேற்பரப்பு போய்விட்டால் அடுத்து யார் பார்த்தாலும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. சுத்தமான அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்துக் காற்றில் உலர விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

'அ' டை கிராக், 'இ' கிளிப் (பிளாங்க் வெட்டும்போதே விழுந்த பிறை). இரண்டும் உண்மையான எரர். டை கிராக் ஏராளமாகக் கிடைக்கும். இரண்டில் 'இ'தான் சேகரிப்புக்கு மேலானது. 'ஆ' மெஷின் டபுளிங், அதை எரர் என்று யாரும் விலை சொன்னால் வாங்காதீர்கள். லட்சக்கணக்கில் தருகிறோம் என்று கமிஷன் கேட்டு வரும் அழைப்புகளை நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடி பற்றி 2021 ஆகஸ்டில் அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். 'இ'யை மென்மையான பிவிசி (ஒருவகை பிளாஸ்டிக்) உறையில் வைக்காமல் அட்டை ஹோல்டரில் வையுங்கள். எடையையும் பிறையின் ஆழத்தையும் அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.