கல்லில் மை ஒற்றிய ஞாயிற்றுக்கிழமை: தொல்லியல் நிகழ்ச்சிகளுக்குப் போனவர்கள் சொல்கிறார்கள்

மேலூரிலிருந்து:

நான் போனது இரண்டு வருடம் முன்பு. காலையில் மாங்குளம் மலை, மதியம் பக்கத்து ஊரில் மைப்படிப் பயிற்சி, அதாவது கல்வெட்டைத் தாளில் மையால் படி எடுப்பது. வரும்போது தண்ணீர், தொப்பி, பழைய துணி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பழைய துணி எதற்கு என்று மதியம்தான் புரிந்தது.

மாங்குளம் என்று பெயர் இருந்தாலும் மலை ஏறுவது மீனாட்சிபுரத்துப் பக்கமிருந்து. குகைக்கு மேலே, பாறையின் நெற்றியில் தமிழிப் பொறிப்பு, தமிழ்-பிராமி என்றும் சொல்கிற பழைய எழுத்து. 1882-இல் ராபர்ட் சீவல் என்ற ஆங்கிலேய அதிகாரி பார்த்துச் சொன்ன பிறகும் அது என்ன மொழி என்று பல வருடம் பிடிபடவில்லை. 1924-இல் கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர்தான் இது தமிழ் என்று காட்டினார். எங்களுக்குப் பாடம் எடுத்தவர் இதையெல்லாம் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, "கூட்டல் குறி எங்கெல்லாம் இருக்குன்னு தேடுங்க" என்றார். தமிழியில் 'க' அப்படித்தான் இருக்கும். அண்ணாந்து தேடித் தேடிக் கழுத்து வலித்துவிட்டது. ஒரு கூட்டல் குறியில் கையை நீட்டி, அங்கிருந்து எழுத்து எழுத்தாக எங்களையே சொல்லவைத்தார்: கடலன். பாண்டியன் நெடுஞ்செழியனிடம் பணிசெய்த கடலன் வழுதி, ஒரு சமண முனிவருக்காக வெட்டுவித்த பள்ளி, அதாவது முனிவர் தங்கும் இடம். கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்பது கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. பாண்டியன் பெயரைப் பாடப்புத்தகத்தில் படித்ததற்கும், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாமே எழுத்துக் கூட்டியதற்கும் எவ்வளவோ தூரம்.

மதியம் கண்மாய்க்கரைப் புளியமரத்தடி. அங்கே கிடந்தது பிற்காலப் பாண்டியர் காலத்துக் கல். உடைந்து பாதிதான் மிச்சம். முதலில் தண்ணீர் ஊற்றி, தூரிகையால் தேய்த்துப் பாசியை எடுத்தோம். அப்புறம் நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, கெட்டித் தூரிகையால் தட்டவேண்டும். தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும்வரை தட்டவேண்டும், ஆனால் கிழியக் கூடாது. நான் கிழித்தேன். இரண்டாவது தாளைக் காற்று தூக்கிவிட்டது. மூன்றாவதுதான் நின்றது. தாள் முக்கால்வாசி காய்ந்ததும், துணி சுற்றிய உருண்டையில் மையைத் தொட்டு மெல்ல ஒற்றவேண்டும். அழுத்தினால் மை பள்ளத்துக்குள்ளும் இறங்கி எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். சரியாக ஒற்றினால் எழுத்து மட்டும் வெள்ளையாக எழும். கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் மங்கலச் சொல்லான 'ஸ்வஸ்திஸ்ரீ' வெளியே வந்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் மேய்ந்த ஆடு ஒன்று மிரண்டு ஓடியது.

அடுத்து வாசிக்கச் சொன்னார்கள். நான் பெருமையாக 'வளநரட்டு' என்று படித்தேன். அந்தக் காலக் கல்வெட்டில் காலும் ('ா') 'ர'வும் ஒரே மாதிரி இருக்கும், புள்ளியும் வைக்கமாட்டார்கள். அது 'வளநாட்டு', வளநாடு என்பது அந்தக் கால நிலப்பிரிவு. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

இதற்குள் ஊர்ப் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் தாழ்ந்த குரலில், "தம்பி, புதையல் எங்கேன்னு போட்டிருக்கா?" என்றார். நிலத்தை வரி நீக்கிக் கோயிலுக்குக் கொடுத்த விவரம்தான் என்றதும் அவர் முகம் விழுந்துவிட்டது. ஆடு மேய்க்க வந்த பாட்டி மட்டும் விடவில்லை. "இந்த மாதிரி கிறுக்குன கல்லு மடைக்குள்ள ஒண்ணு கெடக்கே, அதையும் பாத்துட்டுப் போங்க" என்றார். போனோம். மடையில் தலைகீழாக வைத்துக் கட்டியிருந்த துண்டுக்கல், நாலே வரி. பாடம் எடுத்தவர் முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார். அந்த ஊருக்கு ஏற்கெனவே மூன்று தடவை வந்தவராம், யாரும் இதைச் சொல்லவில்லையாம். யாரையும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

கட்டைவிரல் நகத்தில் மை இரண்டு நாள் போகவில்லை.

திருப்புவனத்திலிருந்து:

எங்களுக்குக் கீழடி பக்கத்து ஊர். தென்னந்தோப்புக்குள் அகழாய்வுக் குழி வெட்டிய நாளிலிருந்து போய்வருகிறோம். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று வந்த செய்தியை அன்று டீக்கடை முழுக்கப் பேசினார்கள். 2023-இல் அருங்காட்சியகம் திறந்த பிறகு வெளியூர்ச் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் முதலில் அங்கேதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது பையனின் பள்ளியில் நடந்த மாதிரி அகழாய்வு. மணல் தொட்டிக்குள் உடைந்த பானைகளைப் புதைத்துவைத்து, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு கரண்டியும் தூரிகையும். என் மகன் உளுந்து அளைகிற மாதிரி இரண்டு கையாலும் அள்ளி, ஐந்து நிமிடத்தில் எல்லாப் பானை ஓடுகளையும் வெளியே எடுத்துவிட்டான். பரிசு தனக்குத்தான் என்று நினைத்திருப்பான். சொல்லிக்கொடுக்க வந்திருந்த அக்கா, "எந்த ஓடு எந்த ஆழத்துல இருந்துச்சு, சொல்லு கண்ணா" என்றார். பயல் முழித்தான். பக்கத்துத் தொட்டியில் ஒரு பெண்பிள்ளை மூன்றே ஓடுதான் எடுத்திருந்தாள், மூன்றுக்கும் அளவு எழுதிவைத்திருந்தாள்.

இன்னொன்று. மானாமதுரையில் பானை வனையும் தாத்தா ஒருவரை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். கருப்பு-சிவப்புப் பானைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். உள்பக்கமும் வாய்ப்பக்கமும் கறுப்பு, வெளியே சிவப்பு. "கவுத்திவச்சுச் சுட்டிருக்கான். உள்ளே காத்துப் போகாது, கருத்துடும்" என்றார். ஆய்வாளர்களும் இதைத்தான் எழுதுகிறார்கள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் எந்தப் பலகையையும் படிக்கவில்லை, படிக்கத் தெரியாது.

ஈரோட்டிலிருந்து:

உங்களுக்கெல்லாம் நல்ல அனுபவம். என்னுடையது கொஞ்சம் வயிற்றெரிச்சல். ஒரு கல்லூரியில் எங்கள் பக்கத்து அகழாய்வு ஊரான கொடுமணல் பற்றிச் சிறப்புரை, 10 மணி என்றார்கள். 11:20-க்குக் குத்துவிளக்கு. அப்புறம் வரவேற்புரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, எட்டுப் பொன்னாடை. பேச வந்தவருக்குக் கிடைத்தது இருபது நிமிடம். அதிலும் பாதி நேரம் ப்ரொஜெக்டர் வேலை செய்யவில்லை.

பாவம், மனிதர் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் வேப்பமரத்தடியில் நின்று எங்கள் ஏழெட்டுப் பேருக்கு மட்டும் மறுபடி பேசினார். நொய்யல் கரையில் இரும்பு உருக்கியது, சங்க நூலான பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று ஊர்ப்பெயர் வருவது, படியூர்ப் பக்கத்துப் பச்சைக்கல், கார்னீலியன் என்கிற செந்நிறக் கல் குஜராத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது, எல்லாம். கல்மணியில் எப்படித் துளை போடுவார்கள் என்று ஒருத்தர் கேட்டதற்கு, பையிலிருந்து பாதியில் விட்ட படிக மணி ஒன்றின் மாதிரி வார்ப்பை எடுத்துக் காட்டினார். இரண்டு பக்கமிருந்தும் துளைத்து வந்திருக்கிறான், நடுவில் இரண்டு துளையும் சந்திக்காமல் விலகிப்போயிருக்கிறது. அதனால் தூக்கி எறிந்துவிட்டான் போல. யாரோ ஒருத்தன் அன்றைக்கு எவ்வளவு திட்டியிருப்பான்! மேடையில் ஒலித்தது எதுவும் இப்போது நினைவில் இல்லை, அந்தக் கோணல் துளை மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

மேலூர்க்காரரிடம் ஒரு கேள்வி. எங்கள் ஊர்க் கோயில் அதிட்டானத்திலும் (சுவருக்குக் கீழே உள்ள அடித்தளம்) எழுத்து இருக்கிறது. சாக்பீஸ் தேய்த்தால் தெளிவாகத் தெரியும் என்கிறார்களே, செய்யலாமா?

மேலூரிலிருந்து:

வேண்டாங்க. சாக்பீஸ், பெயின்ட், மஞ்சள் எதுவும் வேண்டாம். மைப்படியும் தெரிந்தவர்கள் துணையோடு, அனுமதி வாங்கித்தான். சாயங்காலம் இருட்டியதும் போய், போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழும், நேர்வெளிச்சத்தில் தெரியாததெல்லாம் தெரியும். அப்படியே போட்டோ எடுத்துப் போடுங்கள், வாசித்துப் பார்க்கலாம். 'ர'வா காலா என்று சந்தேகம் வந்தால் மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.