ஏழாம் நாளுக்குப் பின் உறக்கம் போனவர்கள்: தியான முகாம் அனுபவங்கள்

வைகறை:
கைபேசியை ஒப்படைத்துவிட்டு, பிறரோடு பேசாமல் நாள் முழுதும் தியானத்தில் அமரும் பத்து நாள் மௌன முகாமின் நடைமுறை இங்குள்ளவர்களுக்குத் தெரியும் என்பதால் நேராகச் சொல்கிறேன். ஒரு மணி நேரம் அசையாமல் அமரும் அமர்வுகள் தொடங்கிய பின் என் உறக்கம் குறைந்துகொண்டே வந்து, ஏழாம் நாள் இரவு அறவே போய்விட்டது. மறுநாள் குழாயடியில் தட்டைக் கழுவும்போது, நனைந்துகொண்டிருந்த கை என்னுடையதாகத் தோன்றவில்லை. விரல்களை மடக்கிப் பார்த்தேன். மடங்கின, ஆனால் மடக்கியவர் வேறு யாரோ. ஆசிரியரிடம் சொன்னபோது, மனத்தில் படிந்த பழைய பதிவுகள் மேலெழுகின்றன, விலகி நின்று கவனியுங்கள் என்று சொல்லி மீண்டும் அமர அனுப்பினார். இரண்டு ஆண்டுகள் கடந்தும், தட்டு கழுவும்போது கையைப் பார்ப்பதைத் தவிர்க்கிறேன்.

அண்ணன்:
என் தம்பி முகாமிலிருந்து பெருமகிழ்ச்சியோடு திரும்பினான். திரும்பிய நான்காம் நாள் நள்ளிரவில் என் படுக்கையருகே நின்று, "எல்லோருடைய நினைப்பும் எனக்குக் கேட்கிறது, அண்ணா" என்று புன்னகையோடு சொன்னான். அதை ஞானம் என்று எண்ணி நானும் புன்னகைத்தேன். மருத்துவரிடம் அழைத்துச் செல்ல மேலும் ஒரு வாரத்தை வீணாக்கினேன்.

நிதானம்:
ஆறு முகாம்களில் அமர்ந்தவன் நான். முறையாகப் பயின்றவருக்கு இப்படி நேராது. வைகறை இன்னும் பொறுத்திருக்க வேண்டும்.

கரையோரம்:
நிதானம் அவர்களே, உங்களுக்கு நேரவில்லை என்பதால் பிறர் தவறிழைத்தார்கள் என்றாகாது. ஜப்பானிய ஜென் பௌத்த குரு ஹகுயின் (1686–1769), கடும் தியானப் பயிற்சியால் தமக்கு வந்த நோயைத் தாமே எழுதி வைத்திருக்கிறார், அவரும் முறையறியாதவரா? 83 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான மதிப்பாய்வு, தியானம் செய்தவர்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குப் பாதிப்புகள் இருந்ததாகக் கண்டது. அவற்றில் பதற்றமும் மனச்சோர்வும் முதன்மையானவை. முகாமுக்குச் செல்வோர் முன்பிருந்த மனநோயை விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம். மருந்தைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். தொடர்ந்து இரண்டு இரவுகள் உறக்கம் வராவிட்டால் அமர்வதை நிறுத்திவிட்டு, வயிறார உண்டு, நடந்து, யாரிடமாவது வாய்விட்டுப் பேசுங்கள். தன்னுடலே அந்நியமாகத் தோன்றினாலோ குரல்கள் கேட்டாலோ மனநல மருத்துவரிடம் அன்றே செல்லுங்கள். வைகறை, இப்போதும் காலம் கடந்துவிடவில்லை.

என் அனுபவம் சிறியது. ஐந்தாம் நாள் நெஞ்சு படபடக்க வெளியேறினேன். கைபேசியைத் திருப்பித் தந்தவர் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.