குச்சி ஊனியும் தக்காளி மொத்தமா சாஞ்சிருச்சு, உடனே சொல்லுங்க

செங்காட்டுத் தோட்டம்:
நேத்து ராத்திரிக் காத்துல தக்காளி வரிசை வரிசையாச் சாஞ்சு கெடக்குது. குச்சி ஊனி, கயிறும் கட்டித்தான் இருந்துச்சு. குச்சியோட சேத்திச் சாஞ்சிருச்சு. பூ எடுத்துருச்சு. நாளைக்குக் காலையில ஆள் வருது, என்ன பண்றது?

கிணத்துக்கடவுக்காரன்:
என்ன ரகமுங்க? நட்டு எத்தன நாளு? குச்சி எத்தன அடி, மண்ணுக்குள்ள எவ்வளவு போயிருக்குது? எத்தன அடிக்கு ஒண்ணு?

பொங்கலூர் வெள்ளாமை:
யூரியா எச்சாப் போட்டிருப்பீங்க. தழைச்சத்து ஏறுனா தண்டு நீண்டு, சதை வெச்சு, பலமில்லாமப் போயிரும். உரத்தை நிறுத்துங்க.

கிணத்துக்கடவுக்காரன்:
தண்டு மடங்குனதாச் சொல்லலீங்களே. குச்சியே சாஞ்சிருக்குது. அது உரக் கோளாறு இல்லைங்க, ஊனுன கோளாறு.

மூத்த பண்ணையம்:
தம்பி, தக்காளி நடறவன் மொதல்ல ரகத்தைத் தெரிஞ்சுக்கோணும். பி.கே.எம்.-1 மாதிரிக் குட்டைச் செடின்னா குச்சியே வேண்டாம், மண் அணைச்சாப் போதும். மேல மேல வளர்ற ஹைப்ரிட்டுக்குத்தான் குச்சி. இது பாலபாடம். இதைக்கூடச் சொல்லாமக் கேட்டா யாரு என்ன பதில் சொல்றது?

ஈரோட்டு மொட்டைமாடி:
ஒட்டுக்கா நானும் கேட்டுக்கறேங்க. பையில வெச்ச செடிக்குக் கூண்டு எந்த வலையில செய்யலாம்? கோழிவலை இருக்குது.

கிணத்துக்கடவுக்காரன்:
கோழிவலை ஆகாதுங்க, காய் பறிக்கக் கை நுழையாது. 6 அங்குலக் கட்டம் வெச்ச பற்றவைப்பு வலை வாங்குங்க. 5 அடி நீளம் வெட்டிச் சுருட்டுனா ஒன்றரை அடி அகலக் கூண்டு வரும். உயரமும் 5 அடி இருக்கட்டும். அடி வளையத்தை வெட்டி எடுத்துட்டா நிக்கிற கம்பிகளே மண்ணுல குத்தும். நட்ட ஒரு வாரத்துக்குள்ள மாட்டிருங்க. செடி பெருத்த பின்னால மாட்டுனா கிளை ஒடியும். காத்துக்குப் பையோட உருளும், அதனால கைப்பிடிச் சுவத்தோட ஒரு கட்டுப் போட்டுருங்க.

செங்காட்டுத் தோட்டம்:
ஹைப்ரிட்டு. 50 செண்ட். 38 நாள். 4 அடிக் குச்சி, அரையடி இறங்கியிருக்கும். 15 அடிக்கு ஒண்ணு. பார் (செடி நட்ட மேட்டு வரிசை) வடக்கு தெற்கு, 5 அடி இடைவெளி. செம்மண், சொட்டுநீர்.

உடுமலை மேற்கு:
அப்பக் காரணம் அத்தனையும் கெடச்சிருச்சுங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேக்க இருந்து வருது. உங்க பார் அதுக்குக் குறுக்கால நிக்குது, செடி மொத்தமும் பாய் மாதிரி காத்தை வாங்குது. அரையடிக் குழி சொட்டுநீர் ஈரத்துல எளகி, குச்சி ஆடி ஆடியே பெருசாயிருச்சு.

இன்னைக்கே தண்ணிய நிறுத்துங்க. காலையில செடியத் தொடாதீங்க. தண்டு வெறைச்சு நிக்கும், நிமித்துனா ஒடியும். காலை ஆளை வெச்சுக் குச்சி ஊனுங்க, செடிய மதியம் 3 மணிக்கு மேல நிமித்துங்க. வெயில்ல துவண்டிருக்கறப்ப வளைஞ்சு குடுக்கும்.

குச்சி 6 அடிக்குக் கொறையாமச் சவுக்கு. ஒன்றரை அடி ஆழம், கடப்பாரையில குழி போட்டு ஊனி மண்ணைக் கெட்டிக்கோணும். 8 அடிக்கு ஒண்ணுன்னா அரை ஏக்கருக்கு 550 குச்சி ஆகும். பாரோட ரெண்டு கடைசியிலயும் 7 அடிக் கனத்த கால், இல்ல கல்லுக்கால், 2 அடி ஆழத்துல வெளிப்பக்கம் சாய்ச்சு நடுங்க. ஒரு கல்லைக் கம்பியில கட்டி 2 அடி ஆழத்துல பொதைச்சு அதுல காலை இழுத்துக் கட்டோணும். இதை விட்டுட்டா மேல இழுக்கற கம்பி பூராத் தொங்கிரும்.

மேல்கம்பி 14 கேஜ் கனத்துல ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசுன இரும்புக் கம்பி. கிலோவுக்கு 40 மீட்டர் வரும், உங்களுக்கு 35 கிலோ போதும். பார் குறுக்கால நிக்கறதால 25 அடிக்கு ஒருக்கா ஒரு பார்க் கம்பியப் பக்கத்துப் பார்க் கம்பியோட கட்டி, அதுக்குத் தனியா இன்னும் அஞ்சாறு கிலோ வாங்கிக்குங்க. அல்லாமே ஒண்ணையொண்ணு தாங்கும்.

பொங்கலூர் வெள்ளாமை:
செடி கட்ட நைலானே போடுங்க, ரெண்டு வெள்ளாமைக்கு வரும்.

மூத்த பண்ணையம்:
நைலான் தண்டை அறுக்கும். சணல்தான். வெள்ளாமை முடிஞ்சா செடியோட வெட்டிக் குப்பையில போடலாம். நைலான் துண்டு உழவு ஓட்டுற ரோட்டவேட்டர்ல சுத்திக்கும், தீவனத்தோட மாடு வயித்துக்குள்ளயும் போகும்.

பொங்கலூர் வெள்ளாமை:
சணல் மழையில நனைஞ்சு, காய் எடை ஏறுறப்பத்தான் அத்துப் போகும். நைலான் அறுக்கறது இறுக்கிக் கட்டுறதால.

மூத்த பண்ணையம்:
கூலியாள் அத்தன பேரும் அளவாக் கட்டுவாங்கன்னு நீ எழுதிக் குடுப்பியா?

உடுமலை மேற்கு:
நீளவாக்குல ஓடுறதுக்கு நைலான், செடியச் சுத்துறதுக்குச் சணல். எதுல கட்டுனாலும் குச்சிக்கும் செடிக்கும் நடுவுல 8 மாதிரி குறுக்க மாத்திச் சுத்தி, சுண்டுவெரல் நுழையற அளவு எடம் விடுங்க. பூங்கொத்துக்கு நேர் கீழ கட்டவே கூடாது, காய் பெருத்தாக் கொத்து கயித்துல ஒக்காந்து முறியும். இலைக் கணுவுக்குக் கீழ கட்டுங்க. மொதல் கயிறு ஒரு அடி ஒசரத்துல, அப்பறம் முக்காலடிக்கு ஒண்ணு.

நிமித்துன கையோட தூருல மண் அணைங்க, தண்டுல புது வேர் விடும். மொதக் கொத்துக்குக் கீழ இருக்கற பக்கக் கிளைய எடுத்துருங்க, ஆனா இலை ஈரமா இருக்கறப்ப வேண்டாம், நோய் பரவும். பழைய குச்சின்னா ஒரு பங்கு ப்ளீச் திரவம், ஒம்பது பங்கு தண்ணியில கழுவிக் காயவெச்சு ஊனுங்க.

செங்காட்டுத் தோட்டம்:
மூணு நாளாச்சு. கடைசிக் கால் சாய்ச்சு நட்டு, பாருக்குப் பார் கம்பி கட்டியாச்சு. நேத்துக் காத்துக்கு நின்னுருச்சு. 40 செடி போல ஒடிஞ்சிருச்சு, அது காலையிலயே நிமித்துனது. நன்றிங்க.

பொங்கலூர் வெள்ளாமை:
எந்தக் கயிறு போட்டீங்க?