புதுப்பிப்பு: டெட்ராய்ட் லயன்ஸ், 2022 பருவத்தின் கடைசி பிளேஆஃப் இடம்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான NFL-இல் லயன்ஸும் சியாட்டில் சீஹாக்ஸும் 9-8 (ஒன்பது வெற்றி, எட்டுத் தோல்வி) என்ற சம நிலையில் முடித்தால் கடைசி வைல்டு கார்டு இடம் (தம் பிரிவில் முதலிடம் பெறாத அணிகளுக்கான பிளேஆஃப், அதாவது நாக்அவுட் சுற்று, இடம்) யாருக்கு என்ற என் கேள்விக்குப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இரு அணிகளும் நேரடியாக மோதிய ஆட்டத்தின் முடிவையே முதலில் பார்ப்பார்கள் என்று சொன்னவரின் விளக்கமே சரியாக இருந்தது. அக்டோபர் 2 அன்று சொந்த மைதானத்தில் 48-45 எனத் தோற்ற அந்த ஆட்டம்தான், 1-6 என்ற பரிதாபத்திலிருந்து மீண்டு கடைசிப் பத்து ஆட்டங்களில் எட்டை வென்ற லயன்ஸை வெளியே நிறுத்தியது. கான்ஃபரன்ஸ் (லீக்கின் இரு பாதிகளில் ஒன்று) அணிகளுக்குள் ஆடிய ஆட்டங்களின் கணக்கு அதற்குப் பிறகே வரும். இம்முறை அதற்குத் தேவையே எழவில்லை.

எதிர்பாராதது ஒன்றும் நடந்தது. 2023 ஜனவரி 8 அன்று சியாட்டில் கூடுதல் நேரத்தில் ராம்ஸை 19-16 என வென்றதால், கிரீன் பே பேக்கர்ஸுடனான ஆட்டம் தொடங்கும் முன்பே லயன்ஸின் வாய்ப்பு முடிந்திருந்தது. ஆயினும் வென்றாலே தகுதி பெறக்கூடிய பேக்கர்ஸை அவர்களுடைய லாம்போ மைதானத்திலேயே 20-16 என வீழ்த்தி, அந்த இடத்தைச் சியாட்டிலுக்கு உறுதி செய்தார்கள் (பேக்கர்ஸ் ரசிகர்களின் முகத்தைப் பார்த்ததே எனக்குப் பாதி ஆறுதல்). அன்று இரண்டு டச்டவுன்கள் (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது) எடுத்த லயன்ஸ் வீரர் ஜமால் வில்லியம்ஸ், ஒரே பருவத்தில் ஓடி எடுத்த டச்டவுன்களில் முன்னாள் லயன்ஸ் வீரர் பாரி சாண்டர்ஸ் வைத்திருந்த 16 என்ற அணிச் சாதனையைக் கடந்து 17-ஐ எட்டினார்.