விந்தணுப் பரிசோதனை முடிவு என்ன சொன்னது, பிறகு என்ன நடந்தது?

செங்காங்வாசி:

மணமாகி நான்கு ஆண்டுகள் குழந்தை இல்லை. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே என்று மனைவியைத்தான் அலைய விட்டோம். என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எனக்குத் தேவைப்பட்டது ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் கொஞ்சம் தனிமையும் மட்டுமே.

மருத்துவமனை அறையில் என்னால் முடியவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவரலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும், குளிரவும் கூடாது என்றார் தாதி. எம்ஆர்டி ரயிலில் குளிரூட்டி எப்படி வீசும் என்று உங்களுக்கே தெரியும். டப்பாவைச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்தபடி நின்றேன். எதிரே எங்கள் புளோக் தாத்தா. "என்ன தம்பி, வயிற்று வலியா?" என்றார். ஆமாம் என்றேன்.

முடிவு வந்தது: ஒரு மில்லிலிட்டருக்கு 9 மில்லியன் விந்தணுக்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ்வரம்பு 16 மில்லியன். இனி உடலுக்கு வெளியே கருத்தரிக்க வைக்கும் ஐவிஎஃப்தான் என்று நானே முடிவுகட்டி, சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவில் எவ்வளவு இருக்கிறது என்று அன்றிரவே பார்த்தேன். முதல் சுற்றுக்கு 6,000 வெள்ளி வரை எடுக்க விடுகிறார்கள்.

மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: "அண்மையில் காய்ச்சல் வந்ததா?" ஆறு வாரங்களுக்கு முன்புதான் டெங்கியில் படுத்திருந்தேன். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாளாகும். கடுங்காய்ச்சல் அந்தப் பயிரையே வாட்டிவிடுமாம். மூன்று மாதம் கழித்து மீண்டும் கொடுத்தேன். 24 மில்லியன்!

அதனால் ஐவிஎஃப் வேண்டாம், முதலில் ஐயுஐ, அதாவது கழுவிய விந்தை நேரே கருப்பைக்குள் செலுத்தும் முறை. முதல் முறை, விந்தைக் கழுவி எடுத்த பிறகு நீந்தும் அணுக்கள் 14 மில்லியன். தாதியின் முகத்திலேயே சிரிப்பு. பலிக்கவில்லை. இரண்டாம் முறை வெறும் 7. நம்பிக்கை இல்லாமல் வேலைக்குப் போய்விட்டேன். அந்த 7தான் இதை எழுதும்போது தொட்டிலில் கத்திக்கொண்டிருக்கிறாள். கழுவிய பிறகு 5 மில்லியனுக்குக் கீழே இறங்கினால் ஐயுஐ பலிக்கும் வாய்ப்பு குறைவு என்றார்கள். எங்கே தொடங்குவது என்று தீர்மானிக்க அந்த எண் உதவியது. அதனிடம் ஜோசியமும் கேட்டது என் தவறு.

உட்லண்ட்ஸ் அக்கா:

எங்கள் கதை நேர்மாறு, தம்பி. என் கணவரின் அறிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை என் மாமியார் பள்ளி ரிப்போர்ட் புத்தகம் போலப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். மூன்று ஐயுஐ, மூன்றும் வீண். எனக்கு அப்போது வயது 38. முட்டையின் வயதை அந்தத் தாளில் எங்கே தேடுவது? "அவனுக்குத்தான் எல்லாம் சரியாக இருக்கிறதே" என்ற பேச்சிலேயே ஓராண்டு போயிற்று. பிறகு ஐவிஎஃப், இரண்டாம் சுற்றில் மகன்.

ஜூரோங்கிலிருந்து:

எனக்கு இரண்டு முறை கரு கலைந்தது. வீட்டுக்காரரின் எண்ணிக்கை, அசைவு, வடிவம் எல்லாம் வரம்புக்குள்தான் இருந்தன. (நூற்றுக்கு 4 விந்தணுக்கள் சரியான வடிவில் இருந்தாலே போதுமாம். நான் அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.) அதன் பிறகுதான் விந்தணுவுக்குள் இருக்கும் மரபுப்பொருளான டிஎன்ஏ எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று பார்த்தார்கள். 34 விழுக்காடு, 30ஐத் தாண்டினால் அதிகம் என்றார்கள். இதை எல்லோருக்கும் முதலிலேயே எழுதித் தருவதில்லை, கரு திரும்பத் திரும்பக் கலைந்தால்தான் யோசிக்கிறார்கள். அவருக்கு விதைப்பையில் இரத்தநாளப் புடைப்பு இருந்தது. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, சிகரெட்டும் போய்விட்டது. மறு பரிசோதனை தீபாவளிக்கு அடுத்த வாரம். செங்காங் அண்ணா, உங்கள் ரயில் கதையை அவரிடம் படித்துக் காட்டினேன். நாங்கள் டாக்சி பிடிக்கிறோம்.