வீட்டு நூல்களின் விலையைக் காப்புறுதிக்காகப் பதிவது எப்படி? உதவி தேவை

கேள்வி: முரசுமோட்டை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பிரிவில் இருக்கிறது. மூன்று அலுமாரிகளில் 1,140 நூல்கள் உள்ளன. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டபோது வெள்ளம் வீட்டுக்குள் வந்து, மூன்று அலுமாரிகளிலும் கீழ் இறாக்கையை முழுமையாக மூடியது. முற்றத்தில் பாய் விரித்து உலர்த்தியவற்றில் சில தப்பின. ஊதி ஒட்டிக்கொண்டவற்றை எரித்துவிட்டோம். எவை அழிந்தன, அவற்றுக்கு எவ்வளவு செலவிட்டிருந்தோம் என்று சொல்ல எந்தப் பட்டியலும் இருக்கவில்லை.

இப்போது வீட்டையும் தளபாடங்களையும் வெள்ளத்துக்கும் சேர்த்துக் காப்புறுதி செய்ய இருக்கிறோம். நூல்களையும் சேர்க்கலாம் என்றும், அவற்றின் பெறுமதியைக் காட்டும் பட்டியல் வேண்டும் என்றும் முகவர் சொன்னார். எக்செலில் பதியத் தொடங்கினேன். 400 நூல்களைப் பதிந்த பின்பும் கூட்டுத்தொகை 83,000 ரூபா என்றே காட்டுகிறது. அது எப்படியும் சரியாக இருக்க முடியாது. நூல்களின் அடையாள எண்களான ஐஎஸ்பிஎன் எண்கள்கூட, புள்ளியும் ஓர் ஆங்கில எழுத்தும் கலந்து சுருங்கி நிற்கின்றன.

இன்னொரு சந்தேகமும் உண்டு. அப்பாவின் நூல்கள் அனைத்தும் 2009இல் போய்விட்டன. ஆனால் அவற்றின் விவரங்களை அவர் எழுதிவைத்த நீலமட்டைக் கொப்பி, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்த அதே பொலித்தீன் பையில் இருந்ததால், எங்களோடு வந்து சேர்ந்தது. 1968 முதல் ஒவ்வொரு நூலுக்கும் வாங்கிய திகதி, கடை, விலை எல்லாம் அதில் இருக்கின்றன. மீள்குடியேறிய பின் அந்தக் கொப்பியைப் பார்த்துப் பார்த்தே பல நூல்களைப் பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கினேன். 3 ரூபா 50 சதம் என்று அவர் எழுதிய ஒரு நூலுக்கு நான் 1,200 ரூபா கொடுத்தேன். பட்டியலில் எந்த விலையை எழுத வேண்டும்?

பதில்: மாங்குளம், முன்னாள் காப்புறுதி முகவர்

ரீச்சர், உங்கள் கடைசிச் சந்தேகத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலர் இழப்பீட்டில் ஒரு பகுதியை இழப்பது அந்த இடத்தில்தான். நீங்கள் கொடுத்த விலையும், அதே நூலை இன்று திரும்ப வாங்க ஆகும் விலையும் வேறு வேறு. முதலாவது, அந்த நூல் உங்களிடம் இருந்தது என்பதற்குச் சான்றாகும். காப்புறுதித் தொகையை நிர்ணயிக்க வேண்டியது இரண்டாவது. இரண்டையும் தனித்தனி நிரல்களில் எழுதுங்கள். ஒன்றை அழித்து மற்றதை எழுத வேண்டாம்.

குறைத்துக் காப்புறுதி செய்தால் என்ன நடக்கும் என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். உங்கள் நூல்களை இன்று மீள வாங்க 9 இலட்சம் ரூபா ஆகும் என்றும், கட்டுப்பணத்தைக் குறைப்பதற்காக அவற்றை 4½ இலட்சத்துக்கே காப்புறுதி செய்ததாகவும் வைத்துக்கொள்வோம். வெள்ளத்தில் 2 இலட்சம் ரூபா பெறுமதியான நூல்கள் அழிந்தால், அந்த 2 இலட்சம் காப்புறுதித் தொகைக்குள் அடங்குவதால் முழுவதும் கிடைக்கும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். காப்புறுதிப் பத்திரத்தில் சராசரி நிபந்தனை (குறைத்துக் காப்புறுதி செய்த அதே விகிதத்தில் இழப்பீட்டையும் குறைக்கும் விதி) இருந்தால், பாதிக்கே காப்புறுதி செய்தவருக்கு இழப்பிலும் பாதிதான், அதாவது 1 இலட்சம்தான் கிடைக்கும். நூல்களை வாங்கிய பழைய விலையில் பட்டியலிடுபவர் தன்னை அறியாமலே இந்த நிலைக்குள் போய்விடுகிறார்.

பத்திரத்தைக் கையில் வாங்கியதும் நான்கு இடங்களை வாசியுங்கள். வெள்ளமும் புயலும் பல பத்திரங்களில் தீக் காப்புறுதியோடு தாமாகவே வருவதில்லை. மேலதிகக் கட்டணத்துக்குச் சேர்க்கப்பட வேண்டியவை. இழப்பீடு புதிய பொருளின் விலையில் கிடைக்குமா, தேய்மானம் கழித்தா என்பது இரண்டாவது. மூன்றாவது, கையெழுத்துப் பிரதிகளும் அரிய பொருட்களும் பெயர் குறித்து அறிவிக்கப்பட்டால் அன்றிச் சேராது என்ற வாசகம். அதன் அருகிலேயே கணக்குப் புத்தகங்கள் விலக்கப்பட்டிருக்கும். அது வியாபாரக் கணக்கேடுகளைக் குறிப்பது, வாசிக்கும் நூல்களை அல்ல. நூலே சேராது என்று ஒருவர் அதைத் தவறாக விளக்கியதை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆகவே, உங்கள் நூல்கள் வீட்டுப் பொருட்களில் அடங்கும் என்பதை எழுத்தில் பெறுங்கள். நான்காவது கறையான். மெல்ல மெல்ல நிகழும் சேதமும் பூச்சி அரிப்பும் பொதுவாக விலக்கப்பட்டவை.

அடுத்த முறை நனைந்த நூலை, மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை எரிக்காதீர்கள்.

பதில்: வவுனியா நூலகர்

கூட்டுத்தொகை ஏன் குறைகிறது என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. நீங்கள் விலையை ‘ரூ. 450/-’ என்று எழுதியிருக்கிறீர்களா? அப்படி எழுதினால் எக்செல் அதை எண்ணாக அல்ல, சொல்லாகக் கொள்ளும். கூட்டும்போது தாண்டிப் போய்விடும். சொல்லாகக் கொண்டவை கலத்தின் இடப்பக்கம் ஒட்டியும் எண்கள் வலப்பக்கம் ஒட்டியும் நிற்பதால் கண்ணாலேயே பிரித்தறியலாம். விலை நிரலில் வெறும் 450 என்று மட்டும் இருக்கட்டும். இலங்கை ரூபாவா இந்திய ரூபாயா என்பதற்கு வேறு நிரல் வையுங்கள். அட்டையில் 250 இந்திய ரூபாய் என்று அச்சிட்டதையும் கடையில் நீங்கள் கொடுத்த இலங்கை விலையையும் ஒரே நிரலில் கலந்தால் வரும் கூட்டுத்தொகைக்கு எந்தப் பொருளும் இல்லை.

ஐஎஸ்பிஎன் எண்கள் தொலையவில்லை. 15 இலக்கங்கள் வரை எக்செல் அப்படியே வைத்திருக்கும். காட்டும் விதம்தான் சுருங்கியிருக்கிறது. அந்த நிரல் முழுவதையும் தசமம் இல்லாத எண்ணாக மாற்றினால் 13 இலக்கங்களும் தெரியும். இனிமேல் பதிபவற்றுக்கு முன்கூட்டியே நிரலை எழுத்து (Text) வடிவத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால், பூச்சியத்தில் தொடங்கும் பழைய 10 இலக்க எண்களில் அந்தப் பூச்சியம் விழுந்துவிடும். நம் நாட்டுப் பழைய பதிப்புகள் பலவற்றுக்கு இந்த எண்ணே கிடையாது. ஆகையால் நூலாசிரியர், பதிப்பகம், பதிப்பு, ஆண்டு ஆகிய நான்கையும் தவறாமல் எழுதுங்கள். ஒரே நூலின் முதற்பதிப்புக்கும் மறுபதிப்புக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் இப்போதே ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், மதிப்பீட்டாளருக்கு உங்கள் பட்டியல் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும்.

கேட்டவர்

நூலகர் அவர்கள் சொன்னதே காரணம். 271 விலைகளை ‘/-’ போட்டு எழுதியிருந்தேன். அவற்றைத் திருத்தியதும் தொகை 2,46,300 ஆனது. மிக்க நன்றி.

அன்பளிப்பாகக் கிடைத்தவற்றுக்கும், விலை நினைவில் இல்லாதவற்றுக்கும் என்ன எழுதுவது? எல்லாவற்றுக்கும் 500 என்று போட்டுவிடலாமா?

பதில்: முள்ளியவளை வாசகர்

வேண்டாம், அக்கா. நூறு நூல்களுக்கு ஒரே விலை நிற்பதைக் காணும் எவருக்கும் மீதிப் பட்டியல் மீதும் ஐயம் பிறக்கும். அன்பளிப்புக்கு வாங்கிய விலை 0 என்று எழுதி, குறிப்பில் ‘அன்பளிப்பு’ என்று சேருங்கள். விலை தெரியாவிட்டால் கலத்தை வெறுமையாக விடுங்கள். இரண்டுக்கும் இன்றைய விலையை மட்டும் நிரப்புங்கள். அந்த விலை எங்கிருந்து வந்தது, எந்தத் திகதியில் பார்த்தது என்பதையும் எழுதுங்கள்: கடை விலைப்பட்டியல், பழைய நூல் விற்பவரின் விலை, அல்லது அதே அளவுள்ள நூலை ஒப்பிட்ட மதிப்பீடு. மதிப்பீட்டை மதிப்பீடு என்றே எழுதுவதால் பட்டியல் பலவீனமாகாது.

திகதி ஏன் முக்கியம் என்றால், 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்துக்குள் 360ஐ எட்டியது, இந்திய நூல்களின் விலையும் அதோடு ஏறியது. 2019இல் நான் 750 ரூபாவுக்கு வாங்கிய நூலை 2021 விலையில் பதிந்துவைத்திருந்தேன். அடுத்த ஆண்டே அந்தப் பதிவு பயனற்றுப் போனது. ஒவ்வொரு முறை காப்புறுதியைப் புதுப்பிக்கும்போதும் விலையுயர்ந்த ஐம்பது நூல்களையாவது மீண்டும் விலை பாருங்கள்.

சில நூறு பிரதிகளே அச்சான ஈழத்து நூல்கள் பணம் இருந்தாலும் கிடைப்பதில்லை. அவற்றைத் தனித்தாளில் எழுதி, ‘நூலகம்’ என்ற நிறுவனத்தின் இணையவழி எண்ணிம நூலகத்தில் ஏற்கெனவே இருக்கின்றனவா என்று தேடுங்கள். இல்லாதவற்றை எண்ணிமப்படுத்துவது பற்றி அவர்களிடமே கேளுங்கள். இழப்பீட்டுப் பணத்தால் மீட்க முடியாதவற்றுக்கு ஒரு நகலாவது இருக்க வேண்டும்.

கேட்டவர்

இரண்டு கிழமைகளில் முழுப் பட்டியலும் முடிந்தது. 1,140 நூல்களுக்கும் நான் செலவிட்டதாக உறுதியாகக் காட்டக்கூடிய தொகை 5,18,000 ரூபா. இன்று மீள வாங்க ஆகும் தொகை 11,70,000 ரூபா. இந்த வித்தியாசத்தைக் கண்ட பிறகுதான் மாங்குளம் ஐயா சொன்னதன் பாரம் முழுமையாக விளங்கியது. காப்புறுதித் தொகையாக இரண்டாவதையே கொடுத்திருக்கிறேன். பட்டியலைப் பத்திரத்தின் இணைப்பாகச் சேர்க்க முகவரும் உடன்பட்டார்.

ஒவ்வொரு இறாக்கையையும் நூல்களின் முதுகுப்பெயர் வாசிக்கும்படி படமெடுத்து, பட்டியலோடு சேர்த்துக் கொழும்பிலுள்ள தம்பிக்கு மின்னஞ்சலில் அனுப்பியுள்ளேன். கிடைக்காதவை என்று 37 நூல்கள் தனித்தாளுக்குப் போயின. அவற்றில் 22 எண்ணிம நூலகத்தில் உள்ளன. மீதி 15ஐயும் மேல் இறாக்கைக்கு மாற்றியிருக்கிறேன். அப்பாவின் கொப்பியையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்தேன். அதை விலைப்பட்டியலில் சேர்க்கவில்லை. பழையபடி காணி உறுதி இருக்கும் பையிலேயே வைத்திருக்கிறேன்.